ஆணுறை எந்த அளவுக்குக் காக்கிறது என்பதை எப்படி அளக்கிறார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலியல் நல ஆய்வுகளில் கேள்வித்தாளும் கையுமாக ஆட்களின் எதிரே உட்கார்ந்து பதில் வாங்கும் வேலையைச் சில ஆண்டுகள் செய்திருக்கிறேன். அந்தப் பதில்கள்தான் பிறகு சதவீதங்களாக மாறிச் செய்திகளில் வருகின்றன. அதைப் படித்தவர்கள், "அப்படியானால் ஆணுறையை நம்பலாமா, கூடாதா?" என்று என்னிடமே வந்து கேட்பார்கள். ஒரு சதவீதத்தைப் பார்த்ததும் யாரை அளந்தார்கள், எதை அளந்தார்கள், யார் சொன்னதை வைத்து அளந்தார்கள் என்று கேட்கத் தெரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஓரிடத்தில் 98 சதவீதம் என்கிறார்கள், இன்னோரிடத்தில் 87 சதவீதம் என்கிறார்கள். எது சரி?

இரண்டும் சரிதான். கருத்தடையில் இரண்டு விதமான அளவு உண்டு. ஒவ்வொரு முறையும், தொடக்கம் முதல் இறுதிவரை, தவறில்லாமல் ஆணுறை அணிந்த தம்பதிகள் 100 பேரை ஓராண்டு கவனித்தால் ஏறத்தாழ 2 பேர் கருத்தரிப்பார்கள். இது பிசகாத பயன்பாடு. "எங்கள் கருத்தடை முறை ஆணுறை" என்று சொல்லும் எல்லாரையும் எடுத்துக்கொண்டால் ஓராண்டில் 13 பேர் கருத்தரிப்பார்கள். இது நடைமுறைப் பயன்பாடு. சில நாள் மறந்தவர், கையிருப்புத் தீர்ந்துபோனவர், "இன்று ஒருநாள் பரவாயில்லை" என்று விட்டவர் எல்லாருமே இந்தக் கணக்கில் அடக்கம். எந்தக் கருத்தடையும் இல்லாவிட்டால் 100-க்கு 85 பேர் கருத்தரிப்பார்கள்.

இந்த எண்கள் அமெரிக்க ஆய்வுகளை அடிப்படையாகக் கொண்ட ஓர் அட்டவணையில் உள்ளவை. அதைப் பல ஆண்டுகள் பேணித் திருத்தி வந்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் ட்ரசல். 2011-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் நடைமுறைப் பயன்பாட்டின் தோல்வி 18 என்று இருந்தது. பிந்தைய கணக்கெடுப்பை வைத்துத் திருத்தியபோது 13 ஆனது. இடையில் ரப்பரின் தரம் உயர்ந்துவிட்டதாக இதற்குப் பொருளில்லை. கணக்கில் வந்த மனிதர்களும் அவர்கள் பழக்கமும் மாறினால் இந்த எண்ணும் மாறிவிடும். கருக்கலைப்பைப் பேட்டியில் சொல்லாமல் மறைப்பவர்கள் நிறைய என்பதால், அதற்கும் ஒரு திருத்தம் போட்டுத்தான் இந்த எண்ணை எட்டுகிறார்கள்.

98 சதவீதம் என்றால் நூறு முறை உறவு கொண்டால் இரண்டு முறை தோற்கும் என்றுதானே பொருள்?

இல்லை. மிகப் பரவலான தவறு இது. கணக்கின் அலகு ஓர் உறவு அல்ல, ஒரு தம்பதி வாழ்ந்த ஓர் ஆண்டு. வாரம் இருமுறை உறவு கொள்ளும் 100 தம்பதிகளுக்கு ஓராண்டில் 10,400 உறவுகள் ஆகின்றன. அத்தனையிலும் பிசகாமல் அணிந்தால் கருத்தரிப்பு இரண்டு. இதை "நூற்றுக்கு இரண்டு" என்று மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, எப்படியும் தோற்கப்போகிறதே என்று ஆணுறையையே விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓர் அலகைத் தவறாகப் புரிந்துகொண்டதால் வந்த வினை.

பேர்ல் குறியீடு என்பது என்ன?

ரேமண்ட் பேர்ல் என்ற அமெரிக்க உயிரியலாளர் 1933-இல் முன்வைத்த சூத்திரம். ஆய்வில் நேர்ந்த கருத்தரிப்புகளை 1,200-ஆல் பெருக்கி, எல்லாப் பெண்களும் சேர்ந்து ஆய்வில் இருந்த மாதங்களால் வகுக்க வேண்டும். 200 பெண்கள் 12 மாதம் இருந்தால் 2,400 மாதங்கள். அவர்களில் 6 பேர் கருத்தரித்தால் குறியீடு 3.

சுலபமான கணக்கு என்பதால் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஆனால் 100 பெண்களை ஓராண்டு பார்த்தாலும் 1,200 மாதம், 10 பெண்களைப் பத்தாண்டு பார்த்தாலும் 1,200 மாதம். எளிதில் கருத்தரிப்பவர்களும் கவனம் குறைந்தவர்களும் முதல் சில மாதங்களிலேயே கருத்தரித்து ஆய்விலிருந்து விலகிவிடுவார்கள். எஞ்சியிருப்பவர்கள் கவனமானவர்கள், அல்லது கருத்தரிக்கும் வாய்ப்பே குறைந்தவர்கள். ஆகவே ஆய்வு நீள நீளக் குறியீடு தானாகவே இறங்கும். மாதவாரியாக யார் நின்றார்கள், யார் விலகினார்கள் என்று பார்க்கும் வாழ்நாள் அட்டவணை முறையை ஆய்வாளர்கள் விரும்புவது இதனால்தான்.

தொழிற்சாலையில் என்ன சோதிக்கிறார்கள்?

ஐ.எஸ்.ஓ. 4074 என்ற பன்னாட்டுத் தர அளவுகோல் இருக்கிறது. அதன்படி நீர்ச் சோதனை இப்படி நடக்கும். உறையின் வாயை ஒரு பிடிப்பானில் மாட்டித் தொங்கவிட்டு 300 மில்லிலிட்டர் தண்ணீர் ஊற்றுவார்கள். உறை நீண்டு, கனத்து, அடிப்பகுதி உருண்டையாகத் தொங்கும். வெளிப்புறத்தில் எங்காவது துளி அரும்புகிறதா என்று கண்ணால் பார்ப்பார்கள். பிறகு வாயை மூடி, உறிஞ்சுதாளின்மேல் மெல்ல உருட்டுவார்கள். தாளில் ஈரத்தின் சுவடு பட்டால் ஓட்டை. ஒரு தொகுப்பில் ஓட்டைக்கு ஏற்கத்தக்க வரம்பு 0.25 சதவீதம், அதாவது 400-க்கு ஒன்று.

காற்றுச் சோதனையில் உறையை வெடிக்கும்வரை ஊதுவார்கள். வழக்கமான அகலமுள்ள உறை 18 லிட்டர் காற்றையும் ஒரு கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் தாங்கியே தீரவேண்டும். பெரிய தண்ணீர்க் குடம் ஒன்றின் கொள்ளளவு அது.

இவ்வாறு சோதித்த உறைகளை விற்க முடியாது, எல்லாம் கழிவுக்குப் போய்விடும். அதனால் ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். பொட்டலத்துக்குள் போகும் உறைகளைத் தனித்தனியாக மின்சாரம் பாய்ச்சியும் பார்ப்பார்கள். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. கடத்தினால் அங்கே ஓட்டை இருக்கிறது.

ரப்பரில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்கின்றன, எச்.ஐ.வி. அதன் வழியே போய்விடும் என்கிறார்களே?

இதை 1992-இல் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்களே சோதித்தார்கள். எச்.ஐ.வி.யின் அளவுக்கு, அதாவது 110 நானோமீட்டர் அளவுக்கு, ஒளிரும் நுண்ணுருண்டைகளை நீர்மத்தில் கலந்து, உண்மையான உறவில் இருப்பதைவிடக் கடுமையான நிலைமைகளை உண்டாக்கினார்கள். 89 உறைகளில் 29 உறைகள் ஏதோ ஓர் அளவு கசிந்தன.

பயமுறுத்துபவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த ஆய்வின் அடுத்த வரியையும் படிக்க வேண்டும். மிக மோசமாகக் கசிந்த உறைகூட, உறையே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் நீர்மம் கடப்பதைக் குறைந்தது 10,000 மடங்கு குறைத்தது. பாதிப் புள்ளிவிவரத்தைச் சொல்லி மக்களை அச்சுறுத்துவதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அந்தப் பாதியை நம்பி ஆணுறையைக் கைவிட்டவருக்குத் தொற்று வந்தால் அதைச் சுமக்கப்போவது அவர்தான்.

கிழிதல், நழுவுதல் ஆகியவற்றை எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

உறையைப் பிரிக்கும்போதே நகம் பட்டுக் கிழிந்தால் அதைத் தனியாகக் குறிப்பார்கள். விந்து படும் வாய்ப்பு அதில் இல்லை. உறவின்போதோ, வெளியே எடுக்கும்போதோ கிழிந்தாலும் முழுவதும் நழுவினாலும் அதுவே மருத்துவ நோக்கில் தோல்வி. இந்தப் பிரிவினை பழைய ஆய்வுகள் பலவற்றில் இல்லை. எல்லாக் கிழிசலையும் ஒரே கூடையில் போட்டு எண்ணினார்கள். அவற்றைப் புதிய ஆய்வுகளோடு ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் யோசிக்க வைக்கும் ஓர் ஆய்வு உண்டு. 1990-களின் இறுதியில் அமெரிக்காவில் தம்பதிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு லேட்டக்ஸ் (வழக்கமான இயற்கை ரப்பர்) உறையும் இன்னொரு குழுவுக்குப் பாலியூரித்தேன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) உறையும் கொடுத்தார்கள். கிழிதலும் நழுவுதலும் சேர்ந்து லேட்டக்ஸில் 1.6 சதவீதம், பாலியூரித்தேனில் 8.5 சதவீதம். ஐந்து மடங்கு வித்தியாசம். ஆனால் ஆறு மாதக் கருத்தரிப்பு லேட்டக்ஸில் 6.3 சதவீதம், பாலியூரித்தேனில் 4.8 சதவீதம். புள்ளியியல்படி இரண்டும் ஒன்றே.

அதிகம் கிழிந்த உறையில் அதிகம் கருத்தரிக்கவில்லையே, எப்படி? ஒருமுறை விந்து பட்டதாலேயே கரு நின்றுவிடாது, அதற்கு மாதத்தில் சில நாட்களே ஏற்றவை. கிழிந்தது கண்ணுக்குத் தெரிந்தால் பலர் அவசரக் கருத்தடை மாத்திரை எடுத்துக்கொள்வார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உறையே அணியாமல் விட்ட நாட்கள் கிழிசலைவிடப் பெரிய காரணம். இந்த ஒரே ஆய்வை வைத்து உறை கிழிவதைப் பற்றி ஒருவிதமாகவும், அது காப்பதைப் பற்றி வேறுவிதமாகவும் பேச முடியும்.

புதிய மருந்தைச் சோதிப்பதுபோல ஒரு குழுவுக்கு ஆணுறை கொடுத்து, இன்னொரு குழுவுக்குக் கொடுக்காமல் பார்த்தால் என்ன?

செய்யவே கூடாது. எச்.ஐ.வி.யைத் தடுக்கும் என்று தெரிந்த ஒன்றை, ஆய்வுக்காக மனிதர்களுக்கு மறுப்பது குற்றம். மேற்சொன்ன ஆய்வில் இரு குழுவுக்கும் உறை கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

அதற்குப் பதிலாக, ஒருவருக்கு எச்.ஐ.வி. இருந்து மற்றவருக்கு இல்லாத இணைகளைத் தொடர்ந்து கவனிக்கிறார்கள். எல்லாருக்கும் ஆலோசனையும் ஆணுறையும் கொடுக்கப்படும். யார் எப்படிப் பயன்படுத்துகிறார் என்பது அவரவர் கையில். 1994-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இவ்வகையில் முக்கியமானது. ஒவ்வொரு முறையும் அணிந்த 124 இணைகளில், ஏறத்தாழ 15,000 உறவுகளுக்குப் பிறகும், ஒருவருக்குக்கூடத் தொற்று பரவவில்லை. அவ்வப்போது மட்டும் அணிந்த 121 இணைகளில் 100 பேருக்கு ஆண்டுக்கு 4.8 என்ற வீதத்தில் பரவியது.

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் திறனாய்வு இத்தகைய 14 ஆய்வுகளை 2002-இல் ஒன்றுசேர்த்தது. எப்போதும் அணிந்தவர்களிடம் தொற்று 100 பேருக்கு ஆண்டுக்கு 1.14, ஒருபோதும் அணியாதவர்களிடம் 5.75. குறைவு ஏறத்தாழ 80 சதவீதம்.

கருத்தடையில் 98, எச்.ஐ.வி.யில் 80. அப்படியென்றால் எச்.ஐ.வி.க்கு ஆணுறை அவ்வளவு உதவாதா?

இந்த இரண்டு சதவீதங்களையும் அருகருகே வைக்கவே கூடாது. 98 என்பது நூறிலிருந்து 2 கருத்தரிப்பைக் கழித்தால் வருவது. 80 என்பது அணியாதவரோடு ஒப்பிட்டு எத்தனை பங்கு குறைந்தது என்பது. இரண்டாவது முறையிலேயே கருத்தடையையும் கணக்கிட்டால், நடைமுறைப் பயன்பாட்டில் 85-இலிருந்து 13-க்கு இறங்குகிறது. அதாவது சுமார் 85 சதவீதக் குறைவு. 80-க்கு அருகில் வந்துவிட்டதைப் பாருங்கள்.

எச்.ஐ.வி. ஆய்வுகளில் "எப்போதும்" என்று சொன்னவர்கள் "பிசகாமல்" அணிந்தார்களா என்று பெரும்பாலும் கேட்கப்படவில்லை. உறவின் நடுவில் அணிந்தவரும், முடிவதற்கு முன்பே கழற்றியவரும் "எப்போதும்" என்ற கட்டத்தில்தான் இருப்பார்கள். ஆகவே 80 என்பதை ரப்பரின் எல்லையாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"எப்போதும் பயன்படுத்தினேன்" என்று சொல்வதை ஆய்வாளர்கள் நம்பிவிடுகிறார்களா?

எல்லாச் சிக்கலும் இங்கேதான் இருக்கிறது. பேட்டி அறையை நினைத்துப் பாருங்கள். அறிமுகமே இல்லாத ஒருவர் எதிரே உட்கார்ந்து, "கடந்த மூன்று மாதங்களில் எத்தனை முறை உறவு கொண்டீர்கள்? அதில் எத்தனை முறை ஆணுறை அணிந்தீர்கள்?" என்று கேட்கிறார். கேட்கப்பட்டவர் முதலில் மேசையைப் பார்ப்பார். விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டு, "எல்லாத் தடவையும்தான்" என்பார். அவர் பொய் சொல்ல வந்தவர் அல்ல. நினைவில் இல்லை, சங்கடமாக இருக்கிறது, நான் கேட்க விரும்பும் பதில் எது என்றும் அவருக்குத் தெரியும். என் பேனா "எப்போதும்" என்ற கட்டத்தில் குறியிடும். பிறகு அந்தக் குறியைத் திறந்து பார்க்க யாராலும் முடியாது.

இதனால் எவ்வளவு சேதம்? ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். அணியாதவர்களில் 100-க்கு 10 பேருக்குத் தொற்று வருகிறது. ஆணுறை அதை 90 சதவீதம் குறைக்கிறது, அதாவது அணிந்தவர்களில் ஒருவருக்கே வரும். இப்போது "எப்போதும்" என்ற 100 பேரில் 20 பேர் உண்மையில் அணியவில்லை என்று வையுங்கள். 80 பேரில் 0.8, 20 பேரில் 2, மொத்தம் 2.8. ஆய்வாளர் கண்ணுக்குத் தெரியும் பாதுகாப்பு 72 சதவீதம். உறையில் எந்தக் குறையும் இல்லை. ஐந்தில் ஒருவரின் பதில் பிசகியதால் 18 புள்ளி பறிபோய்விட்டது.

இதைச் சரிபார்க்க ஆய்வகம் கொஞ்சம் உதவுகிறது. விந்தில் உள்ள பி.எஸ்.ஏ. என்ற புரதம் பெண்ணின் பிறப்புறுப்பில் ஏறத்தாழ இரண்டு நாட்களுக்குள் மறைந்துவிடும். ஒய் குரோமோசோமின் தடயம் அதைவிட நீண்ட நாள் இருக்கும். ஒரு சிறு பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்தாலே போதும். ஜிம்பாப்வேயில் நடந்து 2009-இல் வெளியான ஆய்வில் 196 பெண்களிடம் பி.எஸ்.ஏ. தென்பட்டது. அவர்களில் 48 சதவீதத்தினர், கடந்த இரண்டு நாட்களில் உறவே இல்லை என்றோ ஆணுறையோடு மட்டுமே என்றோ சொல்லியிருந்தார்கள். ஆள் நேரில் கேட்டாலும், காதில் ஒலிக்கும் கேள்விக்குக் கணினியில் தனியே பதிலளித்தாலும் பெரிய மாற்றம் இல்லை. கூச்சத்தை நீக்கிவிட்டால் உண்மை வந்துவிடும் என்று நம்பியிருந்த என் போன்றவர்களுக்கு அது பேரிடி.

ஆனாலும் அந்தப் பெண்களைப் பொய்யர்கள் என்று முத்திரை குத்திவிடக் கூடாது. உறை கிழிந்ததோ நழுவியதோ தெரியாமல் இருந்திருக்கலாம். அணிவதும் கழற்றுவதும் ஆணின் கையில் இருக்கும்போது, நடந்தது முழுவதும் பெண்ணுக்குத் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

சில ஆய்வுகளில் ஆணுறையால் பயனே இல்லை என்று வந்திருக்கிறதே?

2001-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனங்கள் ஒரு நிபுணர் குழு அறிக்கையை வெளியிட்டன. எச்.ஐ.வி.க்கும், ஆண்களுக்கு வரும் கொனோரியாவுக்கும் ஆணுறை பலன் தருவதற்கான ஆதாரம் போதுமானது, மற்ற பால்வினை நோய்களுக்கு அன்று இருந்த ஆய்வுகள் போதாது என்றது அந்த அறிக்கை. ஆதாரம் போதவில்லை என்பதைப் பயனில்லை என்று பலர் படித்துவிட்டார்கள்.

ஆய்வுகள் ஏன் போதவில்லை? முக்கியமான ஒரு காரணம், ஆணுறையை யார், எப்போது அணிகிறார் என்பது. நம்பிக்கையான துணையோடு அணியாமல், சந்தேகமுள்ள துணையோடு மட்டும் அணிபவர்கள் பலர். எனவே அணிபவர்களுக்குத் தொற்றுள்ளவரைச் சந்திக்கும் வாய்ப்பே கூடுதல். மழையில் நடப்பவர்கள்தான் குடை பிடிக்கிறார்கள். குடை பிடித்தவர்கள் நனைந்திருப்பதைப் பார்த்துக் குடையின்மேல் பழி போடலாமா?

இதற்குத் தீர்வு கண்ட ஆய்வு ஒன்று 2004-இல் வந்தது. துணைக்குத் தொற்று இருந்தது உறுதியானவர்களை மட்டும் தனியே பிரித்துப் பார்த்தபோது, ஆணுறையை ஒழுங்காகப் பயன்படுத்தியவர்களிடம் கொனோரியா, கிளமிடியா ஆகிய பால்வினை நோய்கள் இருக்கும் வாய்ப்பு விகிதம் (அப்படிப் பயன்படுத்தாதவர்களுடையதை 1 என்று வைத்தால்) 0.42-ஆக இறங்கியது. துணையின் நிலை தெரியாதவர்களிடம் அதே கணக்கு 0.82 என்றே நின்றது. ஆணுறை, நோய், கேள்விகள் எல்லாம் ஒன்றுதான். யாரை ஒப்பிட்டார்கள் என்பது மட்டுமே மாறியது.

ஹெர்பிஸ், எச்.பி.வி. (கருப்பைவாய்ப் புற்றுநோயை உண்டாக்கக்கூடிய வைரஸ்) ஆகியவற்றுக்கும் பாதுகாப்பு உண்டா?

உண்டு, அளவு குறைவு. இவை தோலோடு தோல் உரசிப் பரவுபவை, உறை மூடாத இடத்திலிருந்தும் தொற்றும். பிறப்புறுப்பு ஹெர்பிஸுக்கு ஆறு தொடர் ஆய்வுகளைச் சேர்த்து 2009-இல் கணக்கிட்டபோது, எப்போதும் அணிந்தவர்களுக்கு ஆபத்து சுமார் 30 சதவீதம் குறைந்தது.

எச்.பி.வி.க்கு 2006-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வு ஒரு நல்ல முன்மாதிரி. அண்மையில்தான் உடலுறவைத் தொடங்கிய 82 மாணவியரைச் சேர்த்து, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மின்னணு நாட்குறிப்பில் எழுதவைத்தார்கள். மூன்று மாத நினைவுக்குப் பதில் இரண்டு வார நினைவு. ஏற்கெனவே இருந்த தொற்று கலந்துவிடும் சிக்கலும் பெருமளவு குறைந்தது. எப்போதும் ஆணுறையோடு உறவு கொண்டவர்களிடம் 100 பேருக்கு ஆண்டுக்கு 37.8 புதிய தொற்று, அரிதாகவே பயன்படுத்தியவர்களிடம் 89.3. எண்பத்திரண்டே பேர்தான், ஆனாலும் நன்றாகக் கேட்கப்பட்ட கேள்வி பெரிய ஆய்வுகள் சொல்லாததைச் சொன்னது.

ஆசனவாய் உறவுக்குத் தனியாக அளந்திருக்கிறார்களா?

நெடுங்காலம் புறக்கணித்தார்கள். அமெரிக்காவில் ஆசனவாய் உறவுக்கென ஓர் ஆணுறைக்கு முதன்முறையாக அனுமதி கிடைத்ததே 2022-இல்தான். அதற்கான ஆய்வில் 504 ஆண்கள் பங்கேற்றார்கள். தோல்வி ஆசனவாய் உறவில் 0.68 சதவீதம், யோனி உறவில் 1.89 சதவீதம். அங்கேதான் அதிகம் கிழியும் என்ற பழைய அனுமானம் பொய்த்தது. மசகு நீர்மத்தைச் சேர்த்துப் பயன்படுத்துவது இதில் முக்கியம். அது எண்ணெய் சார்ந்ததாக இருக்கவே கூடாது. கனிம எண்ணெய் பட்ட லேட்டக்ஸ் ஒரே நிமிடத்தில் தன் வலுவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை இழந்ததை 1989-இலேயே ஆய்வகத்தில் காட்டிவிட்டார்கள்.

பெண்ணுறைக்கு?

முதலில் சொன்ன ட்ரசலின் அட்டவணையில், 100 பேருக்கு ஓராண்டில் பிசகாத பயன்பாட்டில் 5, நடைமுறையில் 21 கருத்தரிப்புகள்.

உறை கிழிந்துவிட்டது. இந்த எண்களை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

எண்களை விடுங்கள். இப்போது நேரம்தான் முக்கியம். கருத்தரிக்க விரும்பாவிட்டால் அவசரக் கருத்தடையை ஐந்து நாட்களுக்குள் எடுக்க வேண்டும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. துணைக்கு எச்.ஐ.வி. இருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாட்கள் தொடர வேண்டும். அதற்கு இன்றே மருத்துவரைப் பாருங்கள். எப்போது கிழிந்தது, எத்தனை மணி நேரம் ஆகிறது என்பதை அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள்.